அமெரிக்கக் காவலர் சங்கங்கள் விமர்சனத்துக்கு ஏன் இப்படி எதிர்வினையாற்றுகின்றன?

அமெரிக்காவில் காவலர் அத்துமீறினார் என்று ஊரே கொதிக்கும்போதும் சங்கம் ஏன் அவருக்கே வக்காலத்து வாங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தா கட்டுவது காவலர். சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். பொதுமக்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது.

2020 ஜூனில் பஃபலோ நகரில் 75 வயது முதியவர் ஒருவரைக் காவலர்கள் தள்ளினார்கள். தலை நடைபாதையில் மோதி, காதிலிருந்து ரத்தம் வழிந்தது. ‘தடுக்கி விழுந்தார்’ என்றது காவல்துறையின் முதல் அறிக்கை. காணொளி வேறு கதை சொன்னது. இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டதும், அவர்கள் இருந்த அவசரகாலப் பிரிவின் 57 பேரும் விலகினார்கள் (வேலையிலிருந்து அல்ல, பிரிவிலிருந்து மட்டும்!). சகாக்களுக்கான ஆதரவு என்றது சங்கம். வழக்குச் செலவைச் சங்கம் ஏற்காது என்பதால்தான் விலகினோம் என்று சிலர் பெயரை வெளியிடாமல் செய்தியாளரிடம் கூறினார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.