ராத்திரி முழுக்க டேங்கில் கிடந்த மாலத்தியான்

கேள்வி: வெண்டையில் அசுவினிக்காக மாலத்தியான் 50 ஈசி மருந்தைச் சாயங்காலம் போர் தண்ணீரில் கலக்கினேன். மழை பிடித்துக்கொண்டது, மறுநாள் காலையில்தான் அடிக்க முடிந்தது. பூச்சி அப்படியே இருக்கிறது. தண்ணீரின் பிஎச் 9 காட்டுகிறது. மருந்து போலியா?

பதில்: மருந்தைவிட உங்கள் தண்ணீர் மீதுதான் எனக்குச் சந்தேகம். பிஎச் என்பது அமில-கார அளவு; 7-க்கு மேல் போனால் காரம், உங்கள் தண்ணீர் 9. மாலத்தியான் ஓர் எஸ்டர். அமிலமும் ஆல்கஹாலும் சேரும்போது தண்ணீர் வெளியேறி உருவாகும் பிணைப்புதான் எஸ்டர். அதே தண்ணீர் திரும்ப வந்தால் பிணைப்பு அறுந்துவிடும். காரத் தண்ணீரில் இது வேகமாக நடக்கும். அதோடு, பிரிந்த அமிலம் அங்கே உப்பாக மாறிவிடுவதால் மறுபடி ஒட்டவும் வழியில்லை.

25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 5 உள்ள நீரில் மாலத்தியான் பாதியாகக் குறைய 107 நாள் ஆகும். பிஎச் 7-ல் சுமார் 6 நாள். பிஎச் 9-ல் அரை நாள்தான். அப்படியானால் விடிவதற்குள் உங்கள் டேங்கில் பாதி மருந்து போயிருக்கும். கரைசல் பால் மாதிரி வெள்ளையாகவே இருந்திருக்கும், வாடையும் அடித்திருக்கும். அதை நம்பாதீர்கள், அந்த வெள்ளை நிறம் எண்ணெயும் அதைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் குழம்பாக்கியும் தருவது, மருந்தின் வீரியத்தைக் காட்டாது.

இன்னொரு விஷயம். நம் உடலிலும் மாடுகளின் உடலிலும் இந்த எஸ்டரை வேகமாக உடைக்கும் நொதிகள் இருக்கின்றன, பூச்சியிடம் அந்த வேகம் குறைவு. மாலத்தியான் பூச்சியைக் கொல்லும் அளவுக்கு நம்மைத் தாக்காததற்கு இது முக்கியக் காரணம். அதற்காகக் கையுறையும் முகமூடியும் இல்லாமல் அடித்துவிடாதீர்கள்.

அடுத்த முறை முதலில் வெறும் தண்ணீரில் சிட்ரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பிஎச் தாளில் 6 வரும்வரை பாருங்கள். அப்புறம்தான் மருந்து. கலக்கியதை அப்போதே அடித்து முடியுங்கள். சுண்ணாம்பு, போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சை மருந்து), சலவைச் சோடா எதையும் இதோடு சேர்க்க வேண்டாம். தாமிர மருந்து அடிக்கும் நாளில் தண்ணீரை இப்படிப் புளிப்பாக்கக் கூடாது, இலை கருகும்.

லேபிளில் உள்ள, ஒரு தெளிப்புக்கும் அடுத்த தெளிப்புக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி, அறுவடைக்கு முந்தைய காத்திருப்பு நாள் இரண்டையும் பார்த்துவிட்டு மறுபடி அடியுங்கள். புதிதாகக் கலக்கி அடித்தும் அசுவினி சாகாவிட்டால் அது எதிர்ப்புத்திறனாக இருக்கலாம். அப்போது அளவைக் கூட்டாமல் வேறு வகை மருந்துக்கு மாறுங்கள்.