‘90 நாளில் கர்ப்பம் உறுதி’ என்ற பொடி: பணத்தைத் திரும்பப் பெற வழியுண்டா?

கேள்வி: எனக்கு 33 வயது. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைப் பார்த்து, மலைவேம்பு, கழற்சிக்காய், தண்ணீர்விட்டான் கிழங்கு சேர்ந்த பொடி என்று மூன்று மாதத்துக்கானதை 8,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ‘கர்ப்பப்பையைச் சுத்தப்படுத்தும், 90 நாளில் கர்ப்பம் உறுதி, இல்லையென்றால் முழுப் பணமும் வாபஸ்’ என்றார்கள். பலனில்லை. பணத்தைக் கேட்டால், ‘நீங்கள் ஒழுங்காகப் பத்தியம் இருந்திருக்க மாட்டீர்கள்’ என்கிறார்கள். என்ன செய்யலாம்? இயற்கையாகக் கருத்தரிக்க எதை வாங்கிச் சாப்பிடலாம்? (வாசகி, ஈரோடு)

பதில்: சகோதரி, பத்தியத்தைக் காட்டி உங்கள் மேல் பழி போடுவதை முதலில் மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். அந்த விளம்பரமே சட்டப்படி செல்லாதது.

பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தால் அது உணவுப் பொருள். எந்த உணவுப் பொருளும் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக்கூடாது, தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சித்த அல்லது ஆயுர்வேத மருந்து தயாரிப்பு உரிம எண் இருந்தால், 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டம் பொருந்தும். எந்தெந்த நோய்களுக்கு மருந்து விளம்பரமே கூடாது என்று அச்சட்டத்தின் அட்டவணை பட்டியலிடும் 54 இனங்களில் பெண்களின் மலட்டுத்தன்மையும் ஒன்று. இரண்டு எண்ணும் இல்லையென்றால் அது உரிமமே இல்லாத சரக்கு. உணவு என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமும், மருந்து என்றால் மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடமும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

பணத்துக்கு வழி வேறு. விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, பணம் செலுத்திய யுபிஐ விவரம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், மீதமிருக்கும் பொட்டலம் ஆகிய அனைத்தையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். இத்தகைய விளம்பரங்கள் ஒரே இரவில் காணாமல் போய்விடும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல விற்பனையாளர்கள் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் தந்துவிடுவார்கள். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த உத்தரவாதத்தை மீறியது முறையற்ற வணிக நடைமுறை என்று சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள்.

இனி, பணத்தை விடப் பெரியது ஒன்று இருக்கிறது. கர்ப்பப்பையைச் சுத்தப்படுத்த எதுவும் தேவையில்லை; ஒவ்வொரு மாதவிடாயிலும் அதன் உட்படலம் தானாகவே உரிந்து வெளியேறிவிடுகிறது. கருத்தரிக்காமைக்குக் கருக்குழாய் அடைப்பு, தைராய்டு, சினைமுட்டை வெளிவராமை, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) என்று காரணங்கள் பல. அவை எல்லாவற்றுக்கும் ஒரே பொடி என்பது நடவாத காரியம். கருத்தரிக்காமல் தவிக்கும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் குறை இருக்கிறது. மனைவி மட்டும் மாதக்கணக்கில் கசப்புப் பொடி குடித்துக்கொண்டிருக்க, கணவரின் விந்துப் பரிசோதனை ஒருமுறைகூடச் செய்யப்படாத வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. அந்த எளிய பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் வரை உறவைத் தவிர்த்துவிட்டுச் சென்றால் போதும். 35 வயதுக்குக் கீழே ஓராண்டு முயன்றும், அதற்கு மேல் ஆறு மாதம் முயன்றும் கரு நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. நீங்கள் அதைக் கடந்து வெகுநாள் ஆகிவிட்டது. எனவே அடுத்த செலவு பொடிக்கு அல்ல, இருவருக்குமான பரிசோதனைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிச் சாப்பிட வேண்டியது என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஃபோலிக் அமிலம். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள், பல பெண்களுக்குக் கரு நின்றதே தெரியாத நாட்களில், மூடிக்கொள்கிறது. ஆகவே கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் தேவை. இது கருவுறச் செய்யும் மருந்தன்று, குழந்தையைக் காக்கும் முன்னேற்பாடு. சர்க்கரை நோய் உள்ளவர்களும் வலிப்பு மருந்து எடுப்பவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரத்தசோகை இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை அங்கே இலவசம்.

முருங்கைக்கீரை, பயறு, கொண்டைக்கடலை, முட்டை, மீன், கறுப்பு உளுந்துக் களி ஆகிய எல்லாம் நல்ல உணவுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அவை அடைபட்ட குழாயைத் திறக்காது. இருவரும் புகையையும் மதுவையும் விடுவதும், காப்பியை நாளொன்றுக்கு இரண்டு டம்ளருக்குள் நிறுத்துவதும், எந்தப் பொட்டலத்தையும் விட உங்களுக்கு உதவும்.

கேள்வி: எனக்கு நீர்க்கட்டி (பிசிஓடி) இருக்கிறது. மருந்துக்கடையில் மயோ-இனோசிட்டால் (சர்க்கரை போன்ற ஒரு சத்துப் பொருள்), பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) கலந்த ‘பெண்களுக்கான கருவள மாத்திரை’ 60 எண்ணிக்கை 1,900 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: இனோசிட்டால் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் குறைவு, பெரிய தீங்கும் இல்லை என்பதுதான் நீர்க்கட்டிக்கான 2023ஆம் ஆண்டின் சர்வதேச மருத்துவ வழிகாட்டுதலின் சாரம். உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பிடுங்கள்; கடைக்காரர் சொன்னதற்காக வேண்டாம். உடல் எடை கூடுதலாக இருக்குமானால், அதில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகி முட்டை வெளிவரத் தொடங்குகிறது. 70 கிலோ உள்ளவருக்கு இது மூன்றரை கிலோவிலேயே தொடங்கிவிடும். அதற்கு மாறாக மிகவும் மெலிந்திருந்தாலும் மாதவிடாய் தவறும் என்பதால், எல்லோரும் எடை குறைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

வாங்குவதற்கு முன் அட்டைப்பெட்டியில் மூன்றைப் பாருங்கள். பயோட்டின் அதிக அளவில் இருந்தால் தைராய்டு இரத்தப் பரிசோதனையின் முடிவைத் தப்பாகக் காட்டக்கூடும். அதைச் சாப்பிடுவதை மருத்துவரிடமும் பரிசோதனைக் கூடத்திலும் முன்கூட்டியே சொல்லுங்கள். ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ மிகுந்தால் கருவுக்கு ஆபத்து. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சத்து மாத்திரைகளைச் சேர்த்து விழுங்க வேண்டாம். அஸ்வகந்தா கலந்திருந்தால் தவிர்த்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் அது ஆகாது, கரு எந்த மாதம் நிற்கும் என்று முன்கூட்டித் தெரியாது.

கேள்வி: முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் சோதனைப் பட்டை வாங்குவது பயன் தருமா? (வாசகி, மதுரை)

பதில்: சுழற்சி சீராக உள்ளவர்களுக்குப் பயன் தரும், ஆனால் அவசியமில்லை. அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெளிவருகிறது. அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமே கருத்தரிக்கும் காலம். அந்த வாரத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தால் பட்டையே வேண்டாம். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு, இந்தப் பட்டை சிறுநீரில் கண்டறியும் எல்ஹெச் என்ற ஹார்மோனின் சுரப்பு எப்போதும் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால் பட்டை பல நாட்கள் பொய்யாகக் கோடு காட்டும். அவர்கள் அந்தப் பணத்தை மருத்துவர் சொல்லும் ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளட்டும்.