பேசவே விடவில்லை, அது ஊழியமா?

அன்புள்ள அக்கா,

குடியாத்தம் பக்கம் ஒரு சபையைச் சேர்ந்தவள் நான். பி.காம் முடித்துவிட்டு ஒரு கடையில் கணக்கு பார்க்கிறேன். போன அக்டோபரில் எங்கள் வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒரு குழுவாக நேபாளம் போனோம். கோரக்பூர் வரை ரயில், சுனௌலி எல்லை தாண்டி பஸ். பாட்டு, நாடகம், சாட்சி (எங்கள் விசுவாச அனுபவத்தைச் சொல்வது) எல்லாம் நன்றாகப் பழகிக்கொண்டுதான் போனோம். அங்கே ஒரு தொழுநோய் மருத்துவமனையில், பிரசங்கம், கைப்பிரதி எதுவும் கூடாது, வார்டில் உதவினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது நோயாளிகளின் காலை ஊறவைத்துத் தேய்த்து எண்ணெய் போடுகிற வேலை. முதல் இரண்டு நாள் ராத்திரி அழுதேன். அப்புறம், எப்போது விடியும், எப்போது வார்டுக்குப் போகலாம் என்று ஆகிவிட்டது. நானும் எதற்கோ பயன்படுகிறேன் என்று அங்கேதான் முதல்முறையாகத் தோன்றியது. ஊருக்கு வந்தால் சபையில் "எத்தனை ஆத்துமா?" என்று கேட்கிறார்கள், எத்தனை பேரை இயேசுவிடம் கொண்டுவந்தாய் என்று அர்த்தம். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் செய்தது ஊழியம்தானா? அடுத்த வருஷமும் போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஊழியம்தான். எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் செய்த வேலை எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

தொழுநோய்க்கு மருந்து இருக்கிறது. 1982இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தை இன்று ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் போதும், கிருமி ஒழிந்துவிடும். ஆனால் அதற்குள் செத்துப்போன நரம்பு திரும்பாது. பாதத்தில் உணர்ச்சியும் இருக்காது, வியர்வையும் இருக்காது. வியர்க்காத தோல் காய்ந்து வெடிக்கும், வெடிப்பில் மண் ஏறும், வலி தெரியாததால் அந்த மனிதர் அதன்மேலேயே நடந்துகொண்டிருப்பார், புண் எலும்பு வரை போய் கடைசியில் காலையே எடுக்க வேண்டி வரும். இதைத் தடுக்க வழி என்ன? தினமும் இருபது நிமிஷமாவது சாதாரணத் தண்ணீரில் கால் ஊற வேண்டும், தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து எடுக்க வேண்டும், ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும், விரலிடுக்கு விடாமல் பார்க்க வேண்டும். நீங்கள் அழுதுகொண்டே ஆரம்பித்தீர்களே, அதே வேலை. உங்கள் பாட்டும் நாடகமும் நடக்காததால் அங்கே யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை. இந்த வேலை நின்றால் கால் போகும்.

இந்த அறிவில் பெரும்பங்கு நம் ஊரில் விளைந்தது. கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று நம்பிய காலம் அது. வலி தெரியாமல் சுட்டுக்கொண்டும் அடிபட்டும்தான் விரல்கள் தேய்கின்றன என்று அவர் நோயாளிகளோடு கூடவே இருந்து பார்த்துக் கண்டுபிடித்தார். தூங்கி எழுந்தால் சிலருக்கு விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். எலி கடித்தது என்று தெரிந்ததும், வீட்டுக்குப் போகிற நோயாளிகளிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். அவர் செய்த கை ஆபரேஷன்களைத்தான் உலகம் பேசுகிறது. எனக்கு அந்தப் பூனைதான் பெரிதாகப் படுகிறது, அந்த மனிதர்களின் ராத்திரியைப் பற்றிக்கூட ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார் பாருங்கள்.

வேலூர் பக்கம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் ஒருமுறை ஒரு பெரியவரைப் பார்த்தேன். பஸ் இறங்கி நடந்து வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றித் திருப்பினால் சீமைக்கருவேல முள் ஒன்று அடியைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது, பாதத்தில் ரத்தம். அவருக்குத் தெரியவே இல்லை. காலைத் தூக்கி மடிமேல் வைத்து, சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துத் தன் உள்ளங்காலை அவரே பார்த்தார். அவருடைய நரம்பு செய்யவேண்டிய வேலையை அந்தக் கண்ணாடி செய்தது. நேபாளத்தில் அதை உங்கள் கண்ணும் கையும் செய்தன.

பேச விடவில்லை என்ற வருத்தத்துக்கு வருகிறேன். நேபாளத்தின் 2015 அரசியல் சாசனம், 26ஆவது பிரிவில், பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஐந்து வருஷம் வரை சிறை. நீங்கள் கைப்பிரதி கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவீர்கள், போலீஸுக்குப் பதில் சொல்லப்போவது அங்கேயே இருக்கிற நர்ஸ். சட்டத்தை விடுங்கள், சட்டமே இல்லாவிட்டாலும் நான் கூடாது என்றுதான் சொல்வேன். காலை உங்கள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர், நீங்கள் பேசுவது பிடிக்காவிட்டால் எழுந்து போக முடியாது. அவரிடம் போய் பிரசங்கமா? அவராகக் கேட்டால் சொல்லுங்கள், அது வேறு.

'பயன்படுகிறேன்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சந்தோஷம் உண்மையானது, அதைச் சந்தேகப்படாதீர்கள். மேடையில் பாடும்போது நம்மை நாலு பேர் பார்க்கிறார்கள், நாமும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வார்டில் நீங்கள் ஒரு பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், உங்கள் ஞாபகமே உங்களுக்கு இல்லை. ஆனால் அந்த உணர்வுக்காகவே மறுபடி போகாதீர்கள். சில நாள் வெறும் அலுப்பாகத்தான் இருக்கும், அன்றைக்கும் அந்தக் காலுக்குத் தண்ணீர் வேண்டும்.

அடுத்த வருஷம்? அவர்கள் கூப்பிட்டால் போங்கள். முதலில் எழுதிக் கேளுங்கள், என்ன ஆள் தேவை, எத்தனை நாள் இருந்தால் அவர்களுக்கு உபயோகம் என்று. வெளிநாடு போகிற பல குழுக்கள் இதைக் கேட்பதே இல்லை. உள்ளூர் பெயின்டர் கூலிக்குச் செய்யவேண்டிய சுவரை இவர்கள் செலவு பண்ணிப் போய் அடித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கணக்குத் தெரிந்த பெண் என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் ஸ்டோர் ரூம் கணக்கைக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், அதையும் முகம் கோணாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை கொஞ்சம் நேபாளி படியுங்கள். கரிகிரி மருத்துவமனை 1955இலிருந்து பக்கத்திலேயே இருக்கிறது, என்ன உதவி வேண்டும் என்று அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

சபையில் மறுபடி எத்தனை ஆத்துமா என்று கேட்டால், மாற்கு 10:45ஐ வாசித்துவிட்டு ஆரம்பியுங்கள், "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்று வருகிறதே, அது. அப்புறம் ஒரே ஒரு காலைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கே வெடித்திருந்தது, எத்தனை நாளில் ஆறியது, அந்த அம்மா உங்களை என்னவென்று கூப்பிட்டார், எல்லாம் சொல்லுங்கள். இதைச் சாட்சி நேரத்தில் சொல்லவிட உங்கள் சபைப் போதகர் தயங்கினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானே வந்து அவரிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா