மனநோயால் ‘குற்றவாளி அல்ல’ என்று தீர்ப்பு வந்தால் கொலை செய்தவர் வீட்டுக்குப் போய்விடலாமா?

போக முடியாது. கொன்றது அவர்தான் என்பதை அந்தத் தீர்ப்பு மறுப்பதில்லை. செய்வது என்ன, அது தவறா என்று உணரும் நிலையில் அப்போது அவர் இல்லை என்கிறது, அவ்வளவுதான். தண்டனை என்பது தெரிந்து செய்தவருக்கு.

1976 ஜூலை 12, காலை நேரம். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் பல்கலைக்கழக நூலகத்தில், அங்கேயே துப்புரவு வேலை பார்த்தவர் துப்பாக்கியோடு நுழைந்து 7 பேரைக் கொன்றார். தினமும் முகம் பார்த்த சக ஊழியர்களும் அதில் இருந்தார்கள். நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. கொலைதான் என்றது ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு. மனநிலை விஷயத்தில் அவர்களுக்குள் ஒத்த முடிவு வரவில்லை. கடைசியில் நீதிபதிதான் மனநோய் என்று தீர்மானித்தார். அப்புறம் பல பத்தாண்டுகள் அரசு மனநல மருத்துவமனைகளில் காவல்.

பஸ் ஓட்டும்போது டிரைவருக்கு வலிப்பு வந்து விபத்து நடக்கிறது. அவரைக் கொலைகாரர் என்போமா? மாட்டோம். ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுப்போமா?

‘மருத்துவமனை என்றால் சீக்கிரம் தப்பிவிடலாம்’ என்று பலர் நினைக்கிறார்கள். கலிபோர்னியாவில், இனி தன்னால் ஆபத்தில்லை என்று, கொலை வழக்கில் இப்படித் தீர்ப்பு பெற்றவரே நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் ஆயுள் முழுக்க உள்ளேயேதான்.