கேம்ப்புக்கு ஆள் சேக்குறது இருக்கட்டும், வீட்டுல இருக்குற இருமலைப் பாருங்க

எட்டு கேள்வி ஊருக்காக கேட்டிருக்கீங்கம்மா. மகளிர் குழு தலைவி, ஊர்ல எச்.ஐ.வி டெஸ்ட் கேம்ப் வருது, ஆள் கூட்டிட்டு வர்ற பொறுப்பு உங்க தலையில, ஒருத்தரும் அசைய மாட்டேங்குறாங்க, சரி. ஆனா கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில சத்தீஸ்கர் பக்கம் போயிட்டு ஆடிக்கு ஊருக்கு வந்தாரு, ரெண்டு மாசமா இருமல், பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது, மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு இருக்கேன், கேம்ப்ல அவருக்குத் தெரியாம ரத்தம் எடுத்துப் பாக்க முடியுமான்னு. மத்த எட்டும் அப்புறம்.

தெரியாம எடுக்க முடியாது. 2017 எச்.ஐ.வி சட்டப்படி சம்மதம் இல்லாம யாருக்கும் எச்.ஐ.வி டெஸ்ட் பண்ணக் கூடாது, புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் அதேதான். ஆனா திருட்டுத்தனத்துக்கு இங்க அவசியமே இல்லம்மா. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், கூட எடை குறையுதுன்னா முதல்ல பாக்க வேண்டியது டிபி. அரசு ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட்டும் எக்ஸ்ரேயும் இலவசம், டிபின்னு தெரிஞ்சா எச்.ஐ.வி டெஸ்ட்டும் பண்ணிக்கோங்கன்னு அவங்களே கேப்பாங்க, எல்லா டிபி நோயாளிகிட்டயும் கேக்குறதுதான். டிபி இல்லைன்னு வந்தாலும் இந்த எடைக் குறைவை டாக்டர்கிட்ட சொல்லுங்க, அப்பவும் அந்த டெஸ்ட்டை அவரே எழுதுவாரு. நீங்க அவரை சந்தேகப்படுறதா ஒரு வார்த்தை சொல்ல வேணாம், சளிக்குன்னு கூட்டிட்டுப் போங்க, போதும்.

மெடிக்கல்ல வாங்குறதை இன்னைக்கே நிறுத்துங்க. பாதி பேர் இப்படித்தான் வந்து நிக்கிறாங்க, கவுன்டர்ல இருக்குற தம்பி என்ன குடுத்தாருன்னு பேர்கூட தெரியாது, அஞ்சு நாள் இருமல் அடங்கும், ஆஹா சரியாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க, மறுபடி வரும், மறுபடி அதே மாத்திரை. லீவோஃப்ளாக்சசின் மாதிரி சில ஆன்டிபயாட்டிக் டிபி கிருமியை அரைகுறையா அடிச்சுப் போட்டுடும், அப்புறம் சளி டெஸ்ட்லயும் சரியா தெரியாது, மாசக்கணக்கா தள்ளிப்போகும். பசியெடுக்கன்னு ஸ்டீராய்டு கலந்து குடுக்குறவங்க கதை தனி, அதைப் பேச ஆரம்பிச்சா எனக்கு பிபி ஏறும்.

எச்.ஐ.வி இருக்குறவங்களை அதிகமா கொல்றதே டிபிதான், அதனாலதான் இந்த இருமலை விடாம பிடிக்கிறேன். ரெண்டும் இருக்குன்னு வந்தாக்கூட கதை முடிஞ்சிடல. டிபி மருந்தை முதல்ல ஆரம்பிச்சு, சில வாரத்துல எச்.ஐ.வி மருந்தையும் சேப்பாங்க, டிபி மாத்திரை எச்.ஐ.வி மருந்தோட வேகத்தை குறைச்சிடும்ங்கறதால டோஸ் மாத்துவாங்க, இதெல்லாம் எச்.ஐ.வி மருந்து குடுக்குற ஏ.ஆர்.டி மையத்து டாக்டர் வேலை, வாட்ஸ்அப் வேலை இல்ல. 2004 ஏப்ரல்ல தாம்பரம் சானடோரியம் மாதிரி சில ஆஸ்பத்திரிகள்ல இலவச மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நிலத்தை வித்து மருந்து வாங்கினவங்களை நான் பாத்திருக்கேன். இப்ப பெரும்பாலானவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, காசு கிடையாது. ஆறு மாசம் ஒழுங்கா போட்டா வைரல் லோடு டெஸ்ட்ல தெரியாத அளவுக்கு வைரஸ் இறங்கிடும், அப்படியே வச்சிருக்குற வரைக்கும் உடலுறவுல துணைக்குப் பரவாது. எச்.ஐ.வி-க்கு மூலிகை வைத்தியம்னு நீங்க அனுப்பின வீடியோவை நாலு நிமிஷம் பாத்தேன், அதுக்கு மேல முடியல. டெலிட் பண்ணுங்க.

உங்களுக்கு இருக்குமோங்கறதுதான் உள்ள அரிக்கிற பயம்னு புரியுது. அரசு ஆஸ்பத்திரியில எச்.ஐ.வி டெஸ்ட் பண்ற நம்பிக்கை மையத்துல போய் பாத்துடுங்க. ஊர்க்காரங்க கண்ணுல படுவோம்னு கூச்சமா இருந்தா ஈரோட்டுக்கோ சேலத்துக்கோ போங்க, எங்க வேணா பாக்கலாம். புருஷனுக்கு பாசிட்டிவா இருந்து மனைவிக்கு இல்லாத குடும்பங்கள் நிறைய இருக்கு. உங்களுக்கு நெகட்டிவ்னா பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் உங்க மூலமா எச்.ஐ.வி வந்திருக்காது, அந்தக் கவலை வேணாம். ஆடியில வந்தவரோட சேந்து இருந்திருக்கீங்கன்னா மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும், ரிசல்ட் எல்லாம் தெளிவாகுற வரைக்கும் காண்டம் போடச் சொல்லுங்க. யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது, அந்த விசாரணையை இப்ப எடுக்காதீங்க.

சரி, ஊர் கேள்விக்கு வர்றேன். கொசுவால வராது, ஒரே தட்டுல சாப்பிட்டா வராது, கோயில் குளத்துல குளிச்சா வராது. சலூன்ல புது பிளேடு கேக்குறது நல்லதுதான், அது மஞ்சக்காமாலை வைரஸுக்காக.

கேம்ப்புக்கு ஏன் ஆள் வரலைன்னா, முதல் காரணம் பஞ்சு. எச்.ஐ.வி மட்டும் பாக்குற கேம்ப்ல விரல் நுனியில பஞ்சை அழுத்திக்கிட்டு வெளிய வர்ற ஒவ்வொருத்தரையும் டீக்கடையில உக்காந்திருக்கறவங்க எண்ணுவாங்க. நாங்க ஒரு ஊர்ல இதைப் பாத்துட்டு அடுத்த தடவை சுகர், பிபி எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சோம், எல்லார் விரல்லயும் பஞ்சு, எது எதுக்குன்னு யாருக்குத் தெரியும்? ஆனா எச்.ஐ.வி-க்குன்னு உள்ள தனியா உக்கார வச்சு கேட்டுத்தான் எடுத்தோம், சுகரோட சேத்து சொல்லாம முடிச்சிடலாம்னு யாராவது யோசனை சொன்னா ஒத்துக்காதீங்க, ஒரு தடவை வெளிய தெரிஞ்சா அந்த ஊர்ல அப்புறம் எவனும் விரலை நீட்ட மாட்டான்.

ரெண்டாவது, நேரம். ரிக் வண்டி ஆளுங்க மழைக்காலத்துல தொழில் டல்லா இருக்குறப்பதான் ஊர்ல இருப்பாங்க, பொங்கலுக்கு வருவாங்க, நீங்க மார்ச்ல பகல் பதினோரு மணிக்கு கேம்ப் வச்சா பாட்டிங்கதான் வருவாங்க. தேதியை மாத்தச் சொல்லுங்க, சாயங்காலம் வைக்கச் சொல்லுங்க. அப்புறம் நோட்டீஸை விட, மருந்து போட்டுட்டு நல்லா இருக்குற ஒருத்தர் விருப்பப்பட்டு வந்து பேசினா கூட்டம் நகரும். உங்க நாமக்கல் பக்கத்து கௌசல்யா 1998-லயே பாதிக்கப்பட்ட பெண்களுக்குன்னு பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் ஆரம்பிச்சவங்க, முகத்தை மறைக்காம பேசினவங்க. டாக்டர் நாங்க ஒரு மணி நேரம் மைக் பிடிச்சாலும் அது வராது.

கேம்ப் கிட்ல 'ரியாக்டிவ்'னு, அதாவது எச்.ஐ.வி இருக்கலாம்னு வந்தா அது முடிவு இல்ல, நம்பிக்கை மையத்துல வேற வேற கிட்ல பாத்து உறுதி பண்ணித்தான் சொல்வாங்க. அந்த ரெண்டு நாள் இடைவெளியிலதான் ஆள் காணாம போவாங்க, போன் ஸ்விட்ச் ஆஃப் ஆயிடும். நூறு பேரைக் கூட்டிட்டு வந்தேன்னு கணக்கு காட்டுறதை விட, அவங்க சரின்னு சொன்னா அந்த ஒருத்தரோட பஸ் ஏறிப் போறதுதான் உங்க வேலை. வாயை மட்டும் இறுக்கி மூடிக்கோங்க. சந்தேகத்துக்கு 1097-க்கு போன் பண்ணலாம், காசு இல்ல.

வண்டி மறுபடி கிளம்புறதுக்குள்ள, இந்த வாரமே வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போங்க. சளி டப்பாவை வாங்கிட்டு வந்து, காலையில எழுந்ததும் வாயை வெறும் தண்ணியில கொப்பளிச்சுட்டு வாசல்ல காத்தோட்டமா நின்னு நெஞ்சுல இருந்து இருமித் துப்பச் சொல்லுங்க, எச்சிலைத் துப்பிக் குடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க.