வீட்டில் கட்டிய ஆம்ப்ளிஃபயரை நாலு பேர் முன் வைத்துக் காட்டும் தரத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: எல்எம்3886 ஆம்ப்ளிஃபயர் சிப் வைத்த ஸ்டீரியோ போர்டு, 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர் (நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 18 வோல்ட்) போட்டு ஆம்ப்ளிஃபயர் கட்டியிருக்கிறேன். பாட்டு வருகிறது. கூடவே ஹம்மும் (விடாத 'ம்ம்' இரைச்சல்) வருகிறது, ஆன் செய்தால் 'டொப்' என்று ஒரு சத்தமும். ஆடியோ ஆர்வலர்கள் சிலர் கூடும் இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். என்னென்ன சரிசெய்ய வேண்டும்?

பதில்:

கட்டத் தெரிந்தவர்கள் அடுத்தவர் கட்டியதைச் சோதிக்க வந்தால் முதலில் பாட்டுப் போடச் சொல்வதில்லை. இன்புட்டைக் கழற்றிவிட்டு, வால்யூமை முழுக்கத் திறந்து, ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) பக்கத்தில் காதைக் கொண்டுபோவார்கள். அங்கே லேசான 'ஸ்ஸ்' மட்டும் கேட்டால் நீங்கள் பாஸ். ஆகவே உங்கள் வேலை அந்த அமைதியை உண்டாக்குவதுதான். போர்டை மாற்றுவதோ, விலை உயர்ந்த கெப்பாசிட்டர் தேடுவதோ இப்போது தேவையில்லை.

சிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். 1999இல் ஜப்பானின் 47 லேபரட்டரி வெளியிட்ட கெய்ன்கார்டு, இதே குடும்பத்து எல்எம்3875இல் விரல்விட்டு எண்ணும் உதிரிகளோடு கட்டப்பட்டதுதான். எல்எம்3886 ±28 வோல்ட்டில் 8 ஓமுக்கு 38 வாட், 4 ஓமுக்கு 68 வாட் தரும் என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. உங்கள் 18-0-18இல் லோடு ஏறும்போது ±24, 25 வோல்ட் நிற்கும். 8 ஓமில் நிஜமாக 25 முதல் 30 வாட் கிடைக்கும். காட்டப் போகும் இடத்தில் இந்த எண்ணையே சொல்லுங்கள். ஆயிரம் வாட் பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிக் காட்டும் கணக்கு) என்று ஸ்டிக்கர் ஒட்டினால் விஷயம் தெரிந்தவர்கள் மூடியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

இன்னும் சத்தம் வேண்டுமென்று 24-0-24க்குத் தாவாதீர்கள். ±34 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் சிப்பில் மட்டும் 58 வாட் வரை வெப்பமாக இறங்கும். சிப்பின் உள்ளேயே இருக்கும் ஸ்பைக் என்ற பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொண்டு பாட்டின் உச்சங்களில் 'கர் கர்' என்று அறுக்கும். போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் சிப்பை மாற்றுவது இந்த இடத்தில்தான்.

பவர் சப்ளைக்கு 160 விஏ டோராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்) இரண்டு சேனலுக்கும் போதும். மெட்டல் பாடி 25 அல்லது 35 ஆம்பியர் பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு). பிளஸ், மைனஸ் பக்கத்துக்குத் தலா 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், கட்டாயம் 50 வோல்ட். லோடு இல்லாதபோது 18-0-18 ±27 வரை ஏறும். மெயின்ஸ் 10 சதவீதம் கூடினால் 30ஐத் தொடும். 35 வோல்ட் கெப்பாசிட்டர் அதைத் தாங்கும், ஆனால் சூடான பெட்டிக்குள் ஆயுள் குறையும். ஒவ்வொரு கெப்பாசிட்டர் மீதும் 2.2 கிலோஓம் 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். ஆஃப் செய்து இரண்டு நிமிடத்தில் சார்ஜ் வடிந்துவிடும். வடியாத கெப்பாசிட்டரில் ஸ்க்ரூடிரைவர் தவறிப் பட்டால் முனையே உருகும். 230 வோல்ட் பக்கத்தில் 1.6 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃப்யூஸ். சாதாரண ஃப்யூஸ் போட்டால் டோராய்டின் ஆரம்ப இழுப்பிலேயே அடிக்கடி போகும்.

இனி ஹம். உங்களுடைய பிரச்சினை ஏறக்குறைய நிச்சயமாக கிரவுண்ட் வயரில்தான் இருக்கிறது.

பிரிட்ஜிலிருந்து கெப்பாசிட்டருக்குப் போகும் கரண்ட் சீராக ஓடுவதில்லை. ஏசி அலையின் உச்சியில் மட்டும், நொடிக்கு நூறு முறை, குறுகிய வீச்சாகப் பாயும். பாட்டே இல்லாதபோதும் இரண்டு சிப்பும் சேர்ந்து 100 மில்லிஆம்பியர் இழுக்கும்; அதை ஈடுகட்ட வரும் வீச்சின் உச்சம் 1 ஆம்பியர் அளவுக்குப் போகும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 1.7 மில்லிஓம். அந்தத் துண்டு வழியாக இந்த வீச்சும் போய், அதே துண்டின்மேல் இன்புட் கிரவுண்டும் உட்கார்ந்திருந்தால், 1.7 மில்லிவோல்ட் உங்கள் சிக்னலோடு கலந்துவிடும். கெய்ன் (சிப் சிக்னலைப் பெருக்கும் மடங்கு) 21 என்றால் ஸ்பீக்கரில் 36 மில்லிவோல்ட். 2.83 வோல்ட்டுக்கு 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் இது ஒரு மீட்டரில் 52 டெசிபல் அளவு. இரவில் பக்கத்து அறை வரை கேட்கும். வெறும் பத்து சென்டிமீட்டர் வயர் செய்யும் வேலை இது.

ஆகவே வயரிங்கை இப்படி மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப் (18-0-18இல் நடுவில் உள்ள 0 முனை) நேராக இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் சேரும் நடுப்புள்ளிக்கு மட்டும் வர வேண்டும். அந்த நடுப்புள்ளியிலிருந்து ஒரு தடித்த, குட்டையான வயரை வெளியே எடுத்து, அதன் முனையை ஸ்டார் கிரவுண்டாக (எல்லா கிரவுண்ட் வயரும் கூடும் ஒரே புள்ளியாக) வையுங்கள். இரண்டு சேனல்களின் பவர் கிரவுண்ட், இரண்டு ஸ்பீக்கர்களின் ரிட்டர்ன், ஸோபெல் (அவுட்புட்டில் வரும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடி) கிரவுண்ட் எல்லாம் அந்த ஸ்டாருக்குத் தனித்தனி வயராக வரட்டும். சென்டர் டேப்பை ஸ்டாரில் இணைத்துவிட்டால் இவ்வளவு செய்தும் பயனில்லை. சார்ஜிங் வீச்சு மறுபடியும் ஸ்டார் வழியாகவே ஓடும். பார்க்க அழகாக இருக்கும் ஸ்டார் கிரவுண்டிலும் ஹம் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வயர்களை முறுக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரி மூன்றும் சேர்ந்து ஒரு முறுக்கு, பிளஸ் மைனஸ் கிரவுண்ட் மூன்றும் ஒரு முறுக்கு, ஸ்பீக்கர் வயரும் ரிட்டர்னும் ஒரு முறுக்கு. இன்புட்டுக்கு ஷீல்டு வயர், டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி. இன்புட்டின் ஆர்சிஏ சாக்கெட் பேனல் உலோகத்தில் படவே கூடாது. பிளாஸ்டிக் வாஷர் உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள்.

மெயின்ஸ் எர்த் வயர் பெட்டியின் உலோகத்தில் நேரடியாக போல்ட் போட்டு இறுக்கப்பட வேண்டும். இதில் சமரசம் கிடையாது. ஹம் குறைகிறது என்று எர்த்தைக் கழற்றிவிடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் என்றாவது போனால் பெட்டி முழுக்க 230 வோல்ட். கிரவுண்ட் லூப் (கிரவுண்ட் இரண்டு வழியாக இணைந்து வளையமாவது) தொல்லை இருந்தால் ஆடியோ ஸ்டாருக்கும் பெட்டிக்கும் நடுவில் 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், அதன்மேல் 100 நானோஃபாரட், கூடவே ஒரு 35 ஆம்பியர் பிரிட்ஜ் என மூன்றையும் பேரலலாக வையுங்கள். பிரிட்ஜின் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டு ஏசி முனைகள் இரண்டையும் பயன்படுத்த வேண்டும். சிறிய லூப் கரண்ட்டை ரெசிஸ்டர் அடக்கும். பழுது ஏற்பட்டால் பெரிய கரண்ட்டை பிரிட்ஜ் எர்த்துக்குக் கொண்டுபோகும். இன்னொன்று: அனோடைஸ் செய்த அலுமினியம் மின்சாரம் கடத்தாது. ஆறு பலகைகளையும் திருகி இணைத்துவிட்டதால் பெட்டி எர்த் ஆகிவிட்டது என்று நம்பாமல், மூலையைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து, மல்டிமீட்டரில் ஒவ்வொரு பலகையையும் பாருங்கள்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, ஆர்சிஏ பிளக்கின் நடுமுனையையும் வெளிவளையத்தையும் சால்டர் செய்து ஒரு ஷார்ட்டிங் பிளக் செய்துகொள்ளுங்கள். அதை இன்புட்டில் செருகியதும் ஹம் போய்விட்டால் குற்றவாளி வெளியே, கேபிளிலோ பாட்டுக் கருவியிலோ. போகாமல் இருந்தால் உள்ளே. வால்யூமைத் திருகும்போது ஹம் கூடிக் குறைந்தால் கண்ட்ரோலுக்கு முன்னால், அசையாமல் நின்றால் பின்னால். குமிழைத் தொட்டதும் மாறினால் கண்ட்ரோலின் உடம்பு எர்த் ஆகவில்லை. காதும் உதவும்: அடிக்குரலில் 'ம்ம்' என்றால் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அல்லது கிரவுண்ட் லூப். 'ஸ்ர்ர்' என்று முள் முள்ளாக இருந்தால் 100 ஹெர்ட்ஸ், மேலே சொன்ன சார்ஜிங் வீச்சு. முதல் வகைக்கு, டோராய்டை இறுக்குவதற்கு முன் இருந்த இடத்திலேயே மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு கோணத்தில் சட்டென்று அடங்கும். அதன் நடு போல்ட்டின் மேல்முனை மூடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் ஒரு சுற்று ஷார்ட் ஆகி ஃப்யூஸ் போகும்.

போர்டில் மூன்று இடம் பாருங்கள். சிப்பின் பவர் கால்களுக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் 100 நானோஃபாரட் இருக்க வேண்டும். இல்லையென்றால் காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஆசிலேட் ஆகும், அதாவது சிப் தானே சிக்னல் உண்டாக்கும். பாட்டே இல்லாமல் ஹீட் சிங்க் கொதிப்பது, ஸோபெல் ரெசிஸ்டர் கருகுவது இரண்டும் அதன் அடையாளம். இந்த சிப்புக்குக் கெய்ன் 10க்குக் கீழே போகவும் கூடாது. அடுத்து மியூட் கால்: அதிலிருந்து குறைந்தது 0.5 மில்லிஆம்பியர் மைனஸ் பக்கம் போனால்தான் சிப் வாய் திறக்கும். ±25 வோல்ட்டில் கணக்குப் போட்டால் அதிகபட்சம் 44 கிலோஓம். சில போர்டுகளில் 47 வைத்திருப்பார்கள், 22 ஆக மாற்றுங்கள். மூன்றாவது, ஃபீட்பேக்கில் 1 கிலோஓமுடன் தொடராக வரும் 22 மைக்ரோஃபாரட். செலவை மிச்சப்படுத்த அதை விட்டுவிட்ட போர்டுகள் உண்டு. அப்போது சிப்பின் சொந்த ஆஃப்செட்டும் (சிக்னல் இல்லாதபோதும் நிற்கும் சிறு டிசி) 21 மடங்காகி ஸ்பீக்கருக்குப் போகும்.

சிப் பெயர் 'டி' என்று முடிந்தால் அதன் உலோக முதுகு மைனஸ் சப்ளையில் இருக்கிறது. மைக்கா ஷீட்டும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் இறுக்கினால் ஹீட் சிங்க் முழுக்க மைனஸ் 25. 'டிஎஃப்' என்றால் பிளாஸ்டிக் முதுகு, பேஸ்ட் மட்டும் போதும். ±25 வோல்ட், 8 ஓமில் ஒரு சிப் அதிகபட்சம் 18 வாட் வெப்பம் விடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வாட்டுக்கு 1 டிகிரிக்கு மேல் ஏறாத ஹீட் சிங்க் இருந்தால் பாட்டுக்குத் தாராளம்.

மாற்றங்களுக்குப் பிறகு முதல் ஆன், சீரிஸ் லேம்ப் (மெயின்ஸோடு தொடராக மாட்டிய பல்பு) வழியாக மட்டும். 60 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்இடி உதவாது. ஸ்பீக்கர் மாட்டக் கூடாது. பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். பிறகு லேம்பை எடுத்துவிட்டு, இன்புட்டில் ஷார்ட்டிங் பிளக் வைத்து, அவுட்புட்டில் டிசி பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் அருமை, 50 வரை பரவாயில்லை. 100ஐத் தாண்டினால் அந்த 22 மைக்ரோஃபாரட்டைச் சந்தேகியுங்கள். அதே நிலையில் ஏசி 1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டால் காது சோதனைக்கு நீங்கள் தயார்.

'டொப்' சத்தத்துக்கு யுபிசி1237 வைத்த ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு போடுங்கள். சில நொடி கழித்து ரிலே ஒட்டும், அவுட்புட்டில் டிசி வந்தால் பிரிந்துவிடும். அதன் ஏசி சென்ஸ் முனையை டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியில் இணைக்க மறக்காதீர்கள். இணைத்தால்தான் ஆஃப் செய்யும்போதும் ரிலே உடனே பிரிந்து சத்தம் வராமல் இருக்கும்.

வால்யூமுக்கு 10 அல்லது 20 கிலோஓம் லாக் வகை இரட்டைக் கண்ட்ரோல். லீனியர் போட்டால் பாதித் திருகலிலேயே முழுச் சத்தம் வந்தது போல இருக்கும். இப்போது வருபவற்றில் 'ஏ' என்றால் லாக், 'பி' என்றால் லீனியர் என்பது வழக்கம். நடுவில் நிறுத்தி அளந்தால் லாக் மொத்தத்தில் 10, 15 சதவீதம்தான் காட்டும். ப்ரீஆம்ப் தேவையில்லை. 0.75 வோல்ட் கொடுத்தாலே 30 வாட் வந்துவிடும்; சிடி பிளேயர் 2 வோல்ட் தரும்.

காட்டும் நாளில் இன்னொரு ஆம்ப்ளிஃபயரோடு ஒப்பிடச் சொல்வார்கள். சத்தம் சமமாக இல்லாத ஒப்பீட்டை ஏற்காதீர்கள். அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். 200 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரால் இரண்டையும் 1 சதவீதத்துக்குள் சமப்படுத்துங்கள். சாதாரண மீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டக்கூடும் என்பதால்தான் 200. டிஸ்டார்ஷன் கிராஃப் காட்ட ஆசையென்றால் 8 ஓம் 50 வாட் டம்மி லோடு, 9.1 கிலோஓமும் 1 கிலோஓமும் கொண்ட வோல்ட்டேஜ் பிரிப்பான், சவுண்டு கார்டு, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்டு போதும். பக்கத்து மேசையில் பிரிட்ஜ் முறையில் (ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஆம்ப்ளிஃபயரே ஓட்டும் முறை) ஓடும் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் போர்டு இருந்தால் அதில் மட்டும் இதே வயரை மாட்டாதீர்கள். அதன் இரண்டு ஸ்பீக்கர் முனைகளுமே கிரவுண்ட் அல்ல. சவுண்டு கார்டின் கிரவுண்ட் பட்ட நொடியில் போர்டு போய்விடலாம், கூடவே கம்ப்யூட்டரும்.