கிரெடிட் கார்டு கடனை முதலில் அடைப்பதா, வீட்டுக் கல்யாணத்துக்குச் சேர்ப்பதா?

கார்டில் ஒரு லட்சத்துக்கு மேல் பாக்கி, ஏழெட்டு மாதத்தில் வீட்டில் கல்யாணம், மாதம் மிஞ்சுவதை எதில் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கார்டில்தான். இதைத் தலைகீழாகச் செய்து ஆறு மாதம் ஏமாந்தவன் நான்.

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது திருநெல்வேலி சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ், மோட்டார், பைக் ரிப்பேர் என்று எல்லாவற்றையும் கார்டில் தேய்த்ததில் 1,20,000 ரூபாய் நின்றது. 2025 தையில் தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். மாதம் 15,000 ஒதுக்க முடிந்தது. கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 6,000, கல்யாணத்துக்கு வங்கியில் மாதாமாதம் கட்டும் சேமிப்பான ஆர்.டி.யில் 9,000. பொறுப்பான பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனியில் ஒருநாள் ஸ்டேட்மென்டை விரித்துவைத்துக் கணக்குப் பார்த்தேன். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 4,200. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 756. கட்டிய 6,000-இல் அசலுக்குப் போனது 1,044. அதையும் அந்த மாதப் பெட்ரோலும் மளிகையும் தின்றுவிட்டன. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. நம் ஊர்க் கணக்கில் நூற்றுக்கு நாலு ரூபாய்க்கு மேல் வட்டி! டவுனில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் கந்துவட்டி என்று சண்டைக்குப் போயிருப்பேன். செல்போனில் வந்ததால் வாயை மூடிக்கொண்டு கட்டினேன். ஆர்.டி. கொடுத்ததோ ஆண்டுக்கே ஏழு சதவீதம்.

கார்டை மொத்தமாக அடைக்க முடிவுசெய்தேன். ஆர்.டி.யை உடைத்ததில் 54,000. மீதி 66,000-க்கு அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தேன். நூற்றுக்கு முக்கால் வட்டி, மாதம் 495 ரூபாய். கழற்றும்போது கொக்கி இறுகிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டு அம்மாவே கழற்றினாள். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். (நகை இல்லாதவர்களுக்குத் வங்கியில் தனிநபர் கடன்கூடப் பெரும்பாலும் கார்டு வட்டியில் பாதிக்கும் கீழேதான் வரும்.)

அதன்பிறகு 15,000 ரூபாயும் முழுதாகக் கல்யாணத்துக்கு. தை பிறப்பதற்குள் ஒரு லட்சத்துச் சொச்சம் சேர்ந்தது. பழையபடியே போயிருந்தால் ஆர்.டி.யில் சேர்ந்ததற்குக் கிட்டத்தட்ட ஈடாகக் கார்டிலும் பாக்கி நின்றிருக்கும். நகைக்கடனைக் கழித்துப் பார்த்தாலும் எனக்கு முப்பதாயிரம் லாபம்.

காலியான கார்டுதான் அடுத்த ஆபத்து. பட்டுக்கடையில் நிற்கும்போது கை துறுதுறுக்கும். லிமிட்டை 20,000 ஆகக் குறைக்கச் சொல்லிவிட்டேன். மொய்யை வரவுப் பக்கம் எழுதாதீர்கள், அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம். மண்டபத்தைச் சிறிதாக்கினோம், பத்திரிகையைச் சுருக்கினோம். மறுவீட்டு விருந்தின் தேங்காய்ப்பால் குழம்பான சொதியில் மட்டும் கைவைக்க அம்மா விடவில்லை. தேங்காய்ப்பால் நீர்த்திருந்தால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக்காட்டுவார்கள்.

அந்தப் பந்தியில்தான் அத்தை, "மதினி, சங்கிலி எங்கே?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டாள். "பேங்கில் பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அம்மா அவள் இலையில் இன்னொரு கரண்டி சொதி ஊற்றினாள். சித்திரையில் மீட்டோம்.